நடுக்குருத்து

எங்கள் வீட்டில் ஒரு வருஷம் முழுக்க ஒருவருக்கும் இருப்புக் கொள்ளாமல் போனது ஒரு மரத்தால். அது எங்களுடைய மரம்கூட இல்லை. பக்கத்து வீட்டு மிஸிஸ் கெலியின் முன்வளவில் நின்ற பேரீச்சை இனத்து மரம் அது. காய்க்கிறேன் பேர்வழி என்று காய்க்கும், ஒன்றையும் வாயில் வைக்க முடியாது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எழும்பி யன்னலடிக்குப் போய் எட்டிப் பார்க்கவேண்டும்போல எனக்குக் கால் துருதுருக்கிறது. பொறுமை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில், கிளேட்டனுக்கு இரண்டு ஸ்டேசன் தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இங்கே நகரத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் யாரோ போட்ட கணக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு வீடு. தம்பி அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான். எனக்கு ஒன்பது வயது. அந்தத் தெருவில் தமிழ்ச் சத்தம் கேட்கவேண்டுமென்றால் நாங்களே வாயைத் திறந்தால்தான் உண்டு.

நாங்கள் குடிவந்த அன்றைக்கு அம்மா திரு இருதயப் படத்தைப் பிள்ளையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படலைக்குள் நுழைந்தார். வேலிக்கு மேலால் அதைப் பார்த்துவிட்ட மிஸிஸ் கெலிக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. கறுத்த மனிதர்கள் வருகிறார்களே என்று கலங்கியிருந்தாரோ என்னவோ, கத்தோலிக்கர் என்று தெரிந்ததும் கேக்கோடு வந்துவிட்டார். அவர் ஐரிஷ் வம்சம், விதவை. பிள்ளைகள் இல்லை. அடுத்த ஞாயிறிலிருந்து தன்னுடைய நீலக் காரில் எங்களைப் பூசைக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார். எங்களிடம் கார் இல்லை. அம்மாவின் ஆங்கிலம் முழுவதும் அந்த வேலியடியில் நின்று விளைந்தது. உடுப்புக் காயப்போடுவது, தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த டொக்டரிடம் ஓடுவது, எல்லாம் மிஸிஸ் கெலிதான். அம்மாவுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே மனுசி அவர். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பிறகு நடந்தது விளங்கும்.

எங்கள் முதல் குருத்தோலை ஞாயிறு அப்பாவுக்குப் பெரிய ஏமாற்றம். கோயில் வாசலில் ஆளுக்கொரு துண்டு ஓலை கொடுத்தார்கள். பச்சைப் பசேலென்று, முற்றி, விறைத்த ஓலை. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வேலி அடைக்கிற ஓலையப்பா, குருத்தோ இது?" என்று அம்மாவின் காதில் சொன்னார். எங்கள் ஊரில் அந்த ஞாயிற்றுக்கென்று தென்னங்குருத்து வண்டிலில் வந்து இறங்கும். வெள்ளையென்றும் சொல்ல முடியாது, மஞ்சளென்றும் சொல்ல முடியாது, அப்படியொரு நிறம். அப்பா அதில் சிலுவை பின்னுவார், கிளி பின்னுவார், சின்னப் பிள்ளைகளுக்கு மோதிரம் பின்னுவார். ஊர்க்கோயிலில் அப்பாவுக்கு இருந்த ஒரே புகழ் அதுதான். பாட்டு வராது, பணமும் இல்லை. குருத்தோலைக்கு மட்டும் வாத்தியாரைக் கூப்பிடு என்பார்கள்.

இங்கேயோ கோயிலில் அப்பாவை ஒருவருக்கும் தெரியாது. பூசை முடிந்து வெளியே தேநீர் குடிக்கிற நேரத்தில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நிற்பார். ஆகவே இரண்டாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் நடக்கும்போதே அவருக்குள் ஏதோ ஊரத் தொடங்கிவிட்டது. ஒரு ஞாயிறு நேரே ஃபாதரிடம் போய், இந்த முறை ஓலை என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். ஃபாதர் வயதானவர், எதைச் சொன்னாலும் நல்லது நல்லது என்பவர். அதற்கும் நல்லது என்றார்.

மரம் பக்கத்து வீட்டில் நிற்கிறது. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அப்பா வேலியடியில் போய்க் கேட்டார். மிஸிஸ் கெலி ஜீலோங்கில் இருந்த தங்கையிடம் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். கோயிலுக்கென்றால் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், ஏணி பின்கொட்டிலில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவர் கையால் காட்டியது தொங்கிக்கொண்டிருந்த பெரிய பச்சை ஓலைகளை. அப்பா பார்த்தது மரத்தின் உச்சியை.

சனிக்கிழமை பகல் அப்பா ஏணி வைத்து ஏறினார். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த மனிதர், வாழ்நாளில் ஒரு மரத்திலும் ஏறியதில்லை. ஊரில் குருத்து யாரோ வெட்டி, யாரோ ஏற்றி, வாசலில் வந்து விழும். இவருக்கு விழுந்த பிறகுதான் தெரியும். கீழே நின்று அம்மா ஏணியைப் பிடித்தார், நான் தம்பியைப் பிடித்தேன். முதல் குருத்து சறுக்கிக்கொண்டு விழுந்தபோது அம்மாவே ஆவென்று வாயைப் பிளந்துவிட்டார். அவ்வளவு வெள்ளை! அடுத்தது அதைவிட வெள்ளை. "காணும், இறங்குங்கோ" என்றார் அம்மா. "கோயில் முழுக்கக் குடுக்கவேணுமே, காணாது" என்று மேலிருந்து பதில் வந்தது. மரம் அரிகிற வாள் உள்ளே உள்ளே போனது. அப்பாவுக்கு நிறுத்த மனம் வரவில்லை. அடி ஓலைகளின் முள் கையில் ஏறி ஏறி இரத்தம் வழிந்ததையும் அவர் பொருட்படுத்தவில்லை.

கடைசியில் ஓலையே இல்லாமல் மொத்தமாக ஒரு தண்டு வந்தது. உரித்தால் உள்ளே கட்டிப் பால் மாதிரி. அப்பா ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு எங்களுக்கு எறிந்தார். முற்றாத தேங்காய்போல, பச்சை நிலக்கடலைபோல ஒரு மெல்லிய இனிப்பு. "தபசுகாலத்தில என்ன தீனி உங்களுக்கு" என்று ஏசிக்கொண்டே அம்மாவும் ஒரு துண்டு வாயில் போட்டார். தம்பி இன்னும் வேண்டுமென்று அழுதான். நான் ஓடிப்போய் உப்பு எடுத்துவந்தேன். ஒரு மரத்தின் உயிரைத்தான் உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தோம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஞாயிறு விடியக் கோயிலிலிருந்து ஒரு வாகனம் வந்து ஓலைகளை ஈரச் சீலையோடு ஏற்றிப்போனது. முதல்நாள் இரவு ஜீலோங்கிலிருந்து திரும்பியிருந்த மிஸிஸ் கெலியின் காரில் நாங்கள் வழக்கம்போலப் போனோம். பீடத்தைச் சுற்றிக் குருத்துகள், வாசலில் பெட்டி நிறைய அப்பா பின்னிய சிலுவைகள். இத்தாலியக் கிழவிகள் சிலர் அதைக் கண்டதும் அழுதே விட்டார்கள். அவர்கள் ஊரிலும் குருத்து வெள்ளையாகத்தான் இருக்குமாம், இங்கே வந்த நாள்தொட்டுக் கண்ணாலும் காணவில்லையாம். ஒருத்தி அப்பாவின் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள். அப்பா கூச்சத்தில் நெளிந்தார். ஃபாதர் பிரசங்கத்தில் நன்றி சொன்னார். சனம் எல்லாம் திரும்பி எங்களைப் பார்த்தது. எனக்கு அன்று என் வெள்ளைச் சட்டைக்குள் உடம்பு கொள்ளவில்லை.

மிஸிஸ் கெலி தன் கையில் இருந்த சிலுவையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புரட்டிப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். பாட்டுக்கு எழும்பவும் மறந்துபோனார். வீட்டுக்குத் திரும்பும்போது அதைக் காரின் கண்ணாடியில் நூலால் கட்டித் தொங்கவிட்டார். மிக அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். வழிநெடுக அலுப்புத் தெரியாமல் கதைக்கிற மனுசி அன்று அதற்குமேல் கதைக்கவில்லை. பக்தி முற்றினால் இப்படித்தான் பேச்சு வராது என்று நான் எண்ணிக்கொண்டேன். அடுத்த நாள் அப்பாவின் வீங்கிய கையைப் பார்த்துவிட்டு ஒரு டப்பா மருந்து கொண்டுவந்து பூசிவிட்டார். அந்த மரத்தின் முள் பொல்லாதது என்றும், அதை நட்ட தன் கணவரும் வருஷா வருஷம் காய்ந்த ஓலைகளைக் கழித்துவிட்டுக் கை வீங்கித்தான் இருப்பார் என்றும் சொன்னார்.

பாஸ்காத் திருநாள் முடிந்த கையோடு ஃபாதர் அப்பாவைக் கூப்பிட்டு, இனிமேல் பூசையில் முதல் வாசகம் நீங்கள் வாசிக்கவேண்டும் என்றார். அப்பா புதிதாக ஒரு கழுத்துப்பட்டி வாங்கினார். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் ஏசாயாவை வாசித்துப் பழகினார். நாங்கள் நால்வரும் அந்தச் சில வாரங்கள் சொர்க்கத்தின் வாசலில் இருந்தோம் என்றுதான் சொல்லவேண்டும்.

அதைக் கெடுத்தது கிளேட்டன் அண்ணா. அங்கே யூனிவர்சிற்றியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப்பக்கத்துப் பொடியன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் சோற்றுக்கென்று ரயிலேறி வருவார். சைவக்காரர் என்றாலும் அம்மாவின் மீன்குழம்புக்கு முன்னால் மதபேதம் பார்ப்பதில்லை. குருத்துக் கதையை அப்பா பெருமையோடு சொல்லச் சொல்ல அவர் சாப்பிட்டுக்கொண்டே யன்னலால் மரத்தை எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"என்ன அண்ணை, நடுக்குருத்தையோ வெட்டினீங்கள்? அப்ப மரம் சரி."

"என்ன சரி?"

"செத்துப்போச்சுது எண்டு சொல்லுறன். பனை, தென்னை, பேரீச்சை எல்லாத்துக்கும் உச்சி ஒண்டுதானே. அதை எடுத்தால் பிறகு என்னத்தாலை வளர்றது?"

"பக்கத்தால வெடிச்சு வராதோ?"

"வராது அண்ணை. இப்ப பச்சையாத்தான் நிக்கும். மெல்ல மெல்லப் போகும். அக்கா, இன்னும் கொஞ்சம் குழம்பு விடுங்கோ."

அம்மா குழம்பு விட்டார். அப்பாவின் கை சோற்றுக் கோப்பைக்குள் அப்படியே நின்றது. குடிகெடுத்த பொடியன், அதற்குப் பிறகும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

அவர் தலை மறைந்ததும் அம்மா சொன்னார்: "இஞ்சேருங்கோ, இப்பவே போய்ச் சொல்லுங்கோ. தெரியாமல் செய்ததுதானே."

"நல்லாத்தானே நிக்குது. அவன் என்ன மரம் படிக்கிறானோ? என்ஜினியரிங் படிக்கிறவன்."

"நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுவன்."

"சொல்லுறன், சொல்லுறன். பொறும். வளர்ந்தாலும் வளரும்."

அன்று பின்னேரம் செபமாலை சொல்லும்போது அப்பா கடைசியில் ஒரு விசேஷக் கருத்து, ஒரு வேண்டுதல் என்று சொல்லி மூன்று அருள்நிறை மந்திரம் கூட்டினார். என்ன கருத்து என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும். மரத்துக்காக ஒரு குடும்பம் முழங்காலில் நின்று செபித்தது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அன்றிலிருந்து வீட்டில் ஒருவரும் நிம்மதியாக ஓரிடத்தில் இருந்ததில்லை. நான் விடிய எழும்பினால் முதல் வேலை யன்னல். புதுக் குருத்து வந்துவிட்டதா? பள்ளிக்கூடத்தால் வந்தால் யன்னல். அப்பா கந்தோரால் வந்து சப்பாத்துக் கழற்றாமலே ஒரு தரம் வேலியடிக்குப் போய் அண்ணாந்து பார்ப்பார். கதிரையில் இருப்பார், எழும்புவார், திரும்ப இருப்பார். மிஸிஸ் கெலி இல்லாத நேரம் பார்த்து மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார், மீன் கழுவிய தண்ணீரை வாளியில் கொண்டுபோய் ஊற்றுவார். ஒரு நாள் கையும் களவுமாகப் பிடிபட்டார். மிஸிஸ் கெலி படலையில் நின்று பார்த்துவிட்டு, என் மரத்தில் உங்களுக்கு எவ்வளவு அக்கறை என்று சொல்லி நன்றி சொன்னார். வாளியோடு வீட்டுக்குள் வந்த அப்பாவின் முகத்தை ஏன் கேட்கிறீர்கள்.

எனக்கோ கோபம் கடவுள்மேல். கடுகளவு விசுவாசம் இருந்தால் மலை பெயரும் என்று ஞாயிறு வகுப்பில் சிஸ்டர் சொல்லித் தந்திருந்தார். மலை யாருக்கு வேண்டும்? ஒரு குருத்து, விரல் நீளத்துக்கு ஒன்று வந்தால் போதாதா? இனிப்புச் சாப்பிடுவதை விட்டேன். தம்பிக்கு அடிப்பதை விட்டேன், அதுதான் பெரிய தியாகம். ஒன்றும் வரவில்லை. பழைய ஓலைகள் மட்டும் ஒரு குறையும் இல்லாததுபோலப் பச்சையாக ஆடிக்கொண்டு நின்றன. அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை அப்பா பொறுக்கமுடியாமல், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். நான் வெளியே வாங்குப்பலகையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். கூண்டுக்குள் ஃபாதர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, ஒரு மரம் என்று கேட்டு அவர் சிரித்தாரோ என்னவோ. அப்பா வெளியே வந்து கொஞ்ச நேரம் முழங்காலில் நின்றார். பிறகு எழும்பிய மனிதர் வேறு மனிதர். வழியில் விசில் அடித்தார். வீட்டில் பிட்டும் மீன்குழம்பும். அப்பா கேட்டுக் கேட்டுப் போட்டுச் சாப்பிட்டார், அடிச்சட்டியில் ஒட்டியிருந்ததையும் வழித்தார். பாவம் போனால் பசிக்கும் என்று நான் அன்று கண்டுபிடித்தேன்.

அம்மா சட்டியை எடுத்துக்கொண்டே கேட்டார்: "ஃபாதர் மன்னிச்சுப்போட்டாராக்கும்?"

"ஓம்."

"மரம் ஃபாதருடையதோ?"

அப்பா கை கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். ஒரு கிழமை தாண்டவில்லை, பழையபடி கதிரையில் இருப்பதும் எழும்புவதுமாகிவிட்டது. அம்மா விடவில்லை. "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான் எண்டுதான் சொல்லுறவை. இஞ்ச பூசாரி குடுத்தாச்சு, மரத்துக்காரியிட்டத்தான் இன்னும் கேக்கேல்லை" என்று அரிசி களைகிற இடத்தில் நின்று சுவருக்குச் சொல்வார்.

அம்மாவே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அவருக்கும் பயம்தான். வேலியடியில் அந்த மனுசி நிற்காத ஒரு நாளை அம்மாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. மிஸிஸ் கெலி கூப்பிட்டால் அம்மா பாதிக் கதையில் அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று ஓடிவந்துவிடுவார். அடுப்பில் ஒன்றும் கிடக்காது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் சரிசமமாகக் குறுகுறுத்தது.

கோடை வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றாலும் மரத்தை எதில் மறைப்பது? ஓலைகள் ஒவ்வொன்றாகப் பழுப்பாகித் தொங்கின. உச்சியில் இருந்து புளித்த மணம் ஒன்று வெக்கைக் காற்றில் எங்கள் குசினிவரை வந்தது. தெருவால் போகிற எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது கோயில்காரர் ஒருவர், இது ஒரு வகை வண்டின் வேலை, உச்சிக்குள் புகுந்து தின்றுவிடும் என்று மிஸிஸ் கெலிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மிஸிஸ் கெலி அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் பனை மரங்களுக்குள் பிறந்தவர் ஆயிற்றே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்தேன்.

"வண்டாகத்தான் இருக்கும்" என்றார் அப்பா.

மிஸிஸ் கெலி இருக்கலாம் என்று தலையாட்டினார். அப்பாவின் கோப்பையை வாங்கி, இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றிக்கொண்டுவந்து கொடுத்தார்.

அம்மா அன்றோடு அப்பாவுடன் நேரடியாகக் கதைப்பதை நிறுத்திவிட்டார். "பிள்ளை, அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "பிள்ளை, அப்பாவிட்ட பால் வாங்கச் சொல்லு." நானும் சலிக்காமல் இரண்டடி தூரத்துக்குத் தபால் கொண்டுபோனேன். அப்பா ஞாயிறு வாசகம் வாசிக்கும்போது தடுமாறினார். பொய் என்ற சொல் வருகிற இடங்கள் வேதாகமத்தில் எவ்வளவு அதிகம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் ஃபாதரிடம் போய், இனி வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டாராம். ஃபாதர் நல்லது என்று சொல்லவில்லை. சும்மா தோளில் தட்டி அனுப்பிவிட்டாராம்.

அடுத்த தபசுகாலம் நெருங்கிவிட்டது. விபூதிப் புதனுக்கு நெற்றியில் பூசுகிற சாம்பல் போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்து எடுப்பது. அதனால் எல்லோரும் வீட்டில் வைத்திருக்கிற ஓலைச் சிலுவைகளை அடுத்த ஞாயிறு தவறாமல் கொண்டுவாருங்கள் என்று ஃபாதர் அறிவித்தார். எங்கள் சிலுவைகள் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தன. அம்மா எடுத்துத் தூசி தட்டி ஒரு கடதாசிப் பையில் போட்டார். தபசு தொடங்கினால் இறைச்சி இல்லை என்பதால் அந்த ஞாயிறு விடியவே ஆட்டிறைச்சிக் கறி வைத்து மூடிவிட்டுத்தான் பூசைக்கு வெளிக்கிட்டார். வீடு முழுக்க வாசம். எனக்குப் பூசைக்குப் போக முன்னமே பசித்தது.

காருக்குள் வெக்கை. அப்பா முன்சீற்றில், நாங்கள் மூவரும் பின்னால். கண்ணாடியில் அந்தச் சிலுவை ஆடிக்கொண்டிருந்தது, இப்போது வைக்கோல் நிறத்தில். அப்பா அதையே பார்த்துக்கொண்டு வந்தார். சட்டைக் கழுத்தை விரலால் தளர்த்தினார். யன்னலை இறக்கினார், ஏற்றினார். கோயில் வளவுக்குள் கார் நின்றது. மிஸிஸ் கெலி இறங்கக் கதவில் கை வைத்தார்.

"மிஸிஸ் கெலி" என்றார் அப்பா. வகுப்பில் பாடம் ஒப்புவிக்கிற பிள்ளையின் குரல் அது. "உங்கள் மரத்தை வண்டு தின்னவில்லை. நான்தான் கொன்றேன். உச்சியை வெட்டினேன். தெரியாமல் வெட்டினேன், பிறகு தெரிந்தது. தெரிந்தும் சொல்லவில்லை. நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன்."

அம்மா என் தொடையை இறுகப் பிடித்தார். நகம் பதிந்தது. கோயில் மணி அடித்தது.

மிஸிஸ் கெலி கதவிலிருந்து கையை எடுத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "எனக்குத் தெரியும். அன்றைக்கே, கோயிலில் அந்த வெள்ளையைக் கண்ட உடனேயே தெரியும். நடுவில் மட்டும் கை வைக்காதே, வைத்தால் மரம் போய்விடும் என்று என் மனுசன் ஒவ்வொரு வருஷமும் சொல்லுவார்." "நீங்கள் எப்போது வந்து சொல்லுவீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்" என்றார். பிறகு அப்பாவின் கையை, அன்று மருந்து பூசிய அதே கையை, ஒரு தரம் அழுத்திவிட்டு, "வாருங்கள், பூசைக்குப் பிந்துகிறது" என்று இறங்கினார்.

அம்மா அழுதுகொண்டே இறங்கி அவரைக் கட்டிப்பிடித்தார். நடுவில் அகப்பட்ட தம்பி கத்தினான். எனக்கு அப்பாடா என்று இருந்தது. முடிந்தது! இனி யன்னலுக்கு ஓடத் தேவையில்லை. ஆனால் ஒரு குறை கண்ணில் பட்டது. கண்ணாடியில் சிலுவை அப்படியே தொங்கியது.

"மிஸிஸ் கெலி, உங்கள் சிலுவையை மறந்துவிட்டீர்கள்" என்று கத்தினேன். "எல்லோரும் கொடுக்கவேண்டும் என்று ஃபாதர் சொன்னாரே!"

"இதை நான் கொடுக்கப்போவதில்லை" என்றார் அவர். "அந்த மரத்தில் என்னிடம் மிச்சம் இருக்கப்போவது இதுதான்."

ஃபாதர் சொன்னதை மீறுகிறாரே என்று எனக்குச் சரியான கோபம். அப்பா ஏதாவது சொல்வார் என்று திரும்பிப் பார்த்தேன். அப்பா காரை விட்டு இறங்கவே இல்லை. முன்சீற்றில், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தார். உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டது. அவருடைய வாசகத்தை அன்று வேறு யாரோ வாசித்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மா ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் போட்டார். பல கிழமைகளாகக் கதைக்காமல் இருந்தவர், "சாப்பிடுங்கோ" என்று தானே சொன்னார். மிஸிஸ் கெலியையும் கூப்பிட்டிருந்தார். அவர் உறைப்பில் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். கிளேட்டன் அண்ணாவும் வந்திருந்தார், அவரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அப்பா மட்டும் சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய்கூட வைக்கவில்லை. அடுத்த நாளும் தேத்தண்ணீரைத் தவிர வேறொன்றும் இறங்கவில்லை.

எனக்கு அது கொஞ்சமும் விளங்கவில்லை. கூண்டுக்குள் ஃபாதர் மன்னித்த அன்று சட்டியை வழித்துச் சாப்பிட்ட மனிதர். அன்று அபராதமாகச் செபமாவது சொல்லவேண்டி இருந்திருக்கும். மிஸிஸ் கெலி அதுகூடக் கேட்கவில்லை, ஒன்றுமே கேட்காமல் கையைப் பிடித்து மன்னித்துவிட்டார். அப்படியென்றால் இரண்டு மடங்கு அல்லவா பசிக்கவேண்டும்? அந்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில் அப்பாவின் சோற்றுக் கோப்பையில் இருந்த இறைச்சித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீணாகப் போகிறதே என்று ஒன்றை மெதுவாக எடுத்து வாயில் போட்டேன். அவர் பார்க்கவில்லை. மிஸிஸ் கெலி பார்த்தார். பார்த்துவிட்டு, எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்த அந்தக் கோப்பையைக் கொஞ்சம் என் பக்கமாக நகர்த்திவிட்டார்.